ஒரு கறுப்பு ஒயர் போதும் என்று சொன்னவள்

எங்கள் சர்வீஸ் சென்டரில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதைக்காகவா, மறந்துவிட்டார்களா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஞாபகம் வந்து நீக்கிவிடுவார்கள். போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. பின்பக்கம் கருகிப்போன ஓர் ஆம்ப்ளிஃபயர். அதற்குக் கீழே 'கஸ்டமர் மிஸ்டேக்' என்று இரண்டே வார்த்தை. ஏழெட்டுப் பேர் அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "கஸ்டமர் அப்படி என்ன மிஸ்டேக் பண்ணாரு தம்பி?" என்று கேட்டு எழுதினேன். "ஸ்பீக்கர் ஒயரத் தப்பாக் குடுத்துட்டாங்க மேடம். நீங்க ஒங்க அனுபவத்த எழுதுங்களேன், எங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்று பதில் வந்தது. என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். அது அவருடைய போதாத காலம். நான் நிஜமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் தமிழரசி. ஊர் கீரனூர். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆடியோ சர்வீஸ் பார்த்தவள். எங்கள் ஊரில் எல்லாரும் திருச்சி பஸ்ஸுக்கு நிற்பார்கள், நான் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்பேன், அதனால் எனக்கு எப்போதும் ஸீட் கிடைக்கும். முதல் நாலு வருடம் மேசையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தேன். பிறகு வீடுகளுக்குப் போகச் சொன்னார்கள். பகலில் பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் புகுந்து வேலை பார்க்க ஆண்களுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் எனக்கு அடித்தது யோகம். கதவைத் திறக்கிறவர்கள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். "டெக்னீஷியன் பின்னால வாராராம்மா?" என்பார்கள். "பின்னால யாரும் வரலைங்க, முன்னாலயே வந்துட்டேன்" என்று உள்ளே நுழைவேன்.

என்னை ஒரு டெக்னீஷியனாக ஆக்கியவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் அருளப்பன் சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழைய டூத் பிரஷ் செருகியிருக்கும். நேற்றுச் சேர்ந்தவனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். யாரையும் வாயைத் திறந்து திட்டியதில்லை. தப்பு செய்துவிட்டு வந்து நின்றால் ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நாம் பதில் சொல்கிறவரைக்கும் துடைத்துக்கொண்டே இருப்பார். திட்டு வாங்கிவிடலாம், அந்தத் துடைப்பைத் தாங்க முடியாது.

ஒரு வீட்டுக்குள் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில், கொடுக்கிற தண்ணீரை உட்கார்ந்து குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பெட்டியைத் தொடக் கூடாது. பிறகு வீட்டுக்காரரையே போடச் சொல்ல வேண்டும். எந்த ரிமோட்டை எடுக்கிறார், எந்தப் பொத்தானை அமுக்குகிறார், சத்தம் வராதபோது யாரைத் திரும்பிப் பார்க்கிறார் என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும் என்பார். அதற்கப்புறம் சுவிட்சை அணைத்து, மெயின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். குனிந்து நின்று பார்க்கிறவனுக்கு அவசரம் இருக்கும், உட்கார்ந்தவனுக்கு இருக்காது என்பது அவர் கட்சி. ஒவ்வொரு ஒயரையும் புறப்படுகிற இடத்திலிருந்து போய்ச் சேருகிற இடம் வரை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். போகும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "டிவியிலேர்ந்து வருது, சிவப்பு, ஆம்ப்ளிஃபயருக்குப் போவுது, உள்ள வாங்குற பக்கம்." சொல்லாமல் கண்ணால் மட்டும் பார்த்தால் மனசு தனக்குத் தெரிந்ததைத்தான் பார்க்கும் என்பார். பிளக்கைக் கழற்றும்போது தலையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுப்பவர்களை அவர் பார்க்கிற பார்வையில் பாலே திரிந்துவிடும். கழற்றுவதற்கு முன்னால் எது எங்கே இருந்தது என்று நோட்டில் படம் வரைய வேண்டும். செல்போன் வந்த பிறகு நாங்கள் போட்டோ எடுத்தோம். அவர் மட்டும் கடைசிவரை வரைந்தார்.

வீட்டு ஆடியோவில் ஜனங்களைப் பயமுறுத்துவது பெட்டியின் பின்பக்கம்தான். முன்னால் ஒரு திருகும் ஒரு விளக்கும் இருக்கும். திருப்பினால் இருபது முப்பது ஓட்டை. ஆனால் அவையெல்லாம் நாலைந்து குடும்பம்தான். சிவப்பும் வெள்ளையும் தலையுள்ள ஜோடி ஒயரில் சிவப்பு வலது பக்கம், வெள்ளை இடது பக்கம். கூடவே மஞ்சள் ஒன்று இருந்தால் அது படத்துக்கு. பாட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குச்சி மாதிரி நுழைகிற பின்னில் சின்னது ஹெட்போனுக்கு, பெரியது பெரும்பாலும் மைக்குக்கு. ஆப்டிகல் ஒயரில் மின்சாரம் ஓடாது, வெளிச்சம் ஓடும். எச்.டி.எம்.ஐ. ஒயர் டிவியின் எந்த எச்.டி.எம்.ஐ. ஓட்டையிலும் நுழையும், ஆனால் டிவியின் சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்புவது 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கிற ஒன்று மட்டும்தான். கடைசியாக ஸ்பீக்கர் ஒயர். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. ஆம்ப்ளிஃபயரின் முழுப் பலமும் இதன் வழியாகத்தான் வெளியே போகிறது. மற்றவற்றை மாற்றிக் குத்தினால் சத்தம் வராது, அவ்வளவுதான். இதில் தப்புச் செய்தால் பெட்டியே புகைந்துவிடும்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எங்கள் ஆபீஸ் போன் ஓயாது. எல்லாம் ஒரே புகார்தான், ஒரு பக்கம் பாடவில்லை. ஒரு வருடம் ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பினேன். சிவப்பு, வெள்ளை பிளக்குகளையெல்லாம் உருவிவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டுக்குள்ளும் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, திரும்பப் பிளக்கைச் சொருகியிருந்தார் அந்த வீட்டம்மா. காய்ந்த சந்தனம் பின்னைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றது.

"என்னங்க, முன்னால ஒரு பொட்டு வச்சாப் போதாதா?" என்றேன்.

"இதுக்கு எது நெத்தின்னு தெரியலம்மா. ஒண்ண விட்டுட்டா அது கோவிச்சுக்கும்ல, அதான் எல்லாத்துக்கும் வச்சுட்டேன்" என்றார்.

நானும் கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. அருளப்பன் சாரின் டூத் பிரஷ் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த வீட்டிலேயே ஒரு பழைய பிரஷ் கேட்டு வாங்கி, ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, அவர் வைத்த குங்குமம் கால்படாத இடத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கீரனூரிலேயே ஒரு ஹெட்மாஸ்டர் இருந்தார். புது சவுண்ட்பாரில் ஆப்டிகல் ஒயர் வழியாகச் சத்தமே வரவில்லை என்று மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதியிருந்தார், பத்தி பிரித்து, எண் போட்டு. போய்ப் பார்த்தால் ஒயரின் நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றாமலே அமுக்கி நுழைத்திருந்தார். நான் அதைச் சுண்டு விரல் நகத்தால் எடுத்ததும் பெட்டி பாடிவிட்டது. அவர் முகம் வாடிப்போயிற்று. பிறகு பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இத எடுக்கணும்னு எந்தப் பக்கத்துல போட்டுருக்கு, காட்டுங்க" என்றார். முழுவதும் புரட்டினேன். எந்தப் பக்கத்திலும் போடவில்லை. 'கஸ்டமர் மிஸ்டேக்' என்று ரிப்போர்ட்டில் எழுதப்போன நான், 'மூடி இருந்தது, எடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினேன்.

இப்போது கடலோரக் கட்டுமாவடிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் ஓய்வு பெற ஏழெட்டு வருடம் இருந்தபோது நடந்தது. மாரிமுத்து என்று ஒருவர். சொந்தமாக இரண்டு படகு வைத்து மீன் வியாபாரம் பார்க்கிறவர். புது வீடு கட்டி, ஹாலிலும் மூன்று அறைகளிலும் மேற்கூரைக்குள்ளேயே ஸ்பீக்கர் பதித்திருந்தார். நாலு ஸ்பீக்கருக்கும் ஹாலில் ஒரே ஆம்ப்ளிஃபயர். முதல் பெட்டி போட்ட அன்றே கருகிவிட்டது. எங்கள் ஆள் போய்ப் புதிதாக வேறு பெட்டி வைத்துவிட்டு வந்தார். அது போட்டவுடன் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஊமையாகிவிட்டது. புதன்கிழமை என்னை அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சு. ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தாகிவிட்டது.

நான் போனபோது வீட்டுக்கு வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் செல்லத்துரையைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார் மாரிமுத்து. முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அந்தக் கடற்கரைப் பக்கம் முழுக்க அவர்தான் வயரிங். ஒரு வீட்டில் நன்றாகச் செய்தால் அடுத்த வீட்டில் கூப்பிடுவார்கள், அதுதான் அவருக்கு இருந்த விளம்பரமெல்லாம். தூணோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, வந்தீங்களா, நல்லாப் பாருங்க" என்றார் மாரிமுத்து. "இவன் வேலதான் தப்புன்னு மட்டும் சொல்லுங்க. இனிமே இங்கேருந்து மணமேல்குடி வரைக்கும் ஒரு பல்பு மாட்ட விடமாட்டேன் இவன."

தண்ணீரைக் குடித்தேன். அவரையே போடச் சொன்னேன். 'டிக்.' அணைத்து, பிளக்கை உருவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் எட்டு ஒயர்களும் அழகாக இருந்தன. நாலு சிவப்பு, நாலு கறுப்பு, ஒவ்வொன்றுக்கும் நல்ல பிளக், ஒரு இழைகூட வெளியே பிசிறவில்லை. கையில் கொண்டுபோன தனி ஒயரால் நான் கொண்டுபோன சின்ன ஸ்பீக்கரை மாட்டினேன். பாடியது. அப்படியானால் பெட்டியில் குறையில்லை. சுவரிலிருந்து வரும் ஒயர்களில் ஹால் ஸ்பீக்கரை மட்டும் மாட்டினேன். பாடியது. அதைக் கழற்றிவிட்டு ஓர் அறையின் ஸ்பீக்கரை மட்டும் மாட்டினேன். அதுவும் பாடியது. இரண்டையும் சேர்த்து மாட்டினேன். டிக்.

மீட்டரை எடுத்து, ஹாலின் கறுப்பில் ஒரு முனையும் அறையின் கறுப்பில் ஒரு முனையும் வைத்தேன். இரண்டும் தனித்தனியாக இருந்தால் மீட்டர் கத்தக் கூடாது. கத்தியது. நாலு கறுப்பும் எங்கேயோ சுவருக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. சுவரில் இருந்த பிளேட்டின் திருகைக் கழற்றினேன். நாலு சிவப்பு வந்தது. கறுப்பு ஒன்றே ஒன்றுதான் வந்தது. அந்த ஒன்றைச் சுவர்ப் பெட்டிக்கு உள்ளேயே நாலாகப் பிரித்து, டேப் சுற்றி, வெளியே நாலு கறுப்பாக நீட்டியிருந்தார்கள்.

வீட்டு லைட் வயரிங்கில் இது சாதாரணம். எல்லா லைட்டுக்கும் நியூட்ரல் ஒன்றாகத்தான் வரும். பழைய ஆம்ப்ளிஃபயர்களிலும் பெரும்பாலும் பாதகமில்லை, உள்ளே கறுப்பெல்லாம் ஒரே இடத்தில்தான் சேர்ந்திருக்கும். புதிதாக வந்த பல பெட்டிகளில் அப்படி இல்லை. கறுப்பிலும் சக்தி ஓடும், ஒவ்வொரு கறுப்பும் தனி. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். காப்பாற்றத் தெரியாத பெட்டி கருகிவிடும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் தம்பி, நாலு ஸ்பீக்கருக்கு ஒரு கறுப்பா? எந்தப் புண்ணியவான் ஒங்களுக்கு இப்புடிச் சொல்லிக்குடுத்தது?" என்று மாரிமுத்து காதில் விழும்படியே கத்தினேன். செல்லத்துரை தரையைப் பார்த்தார். மாரிமுத்து, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று சொல்லி, போன் வரவே வாசலுக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் செல்லத்துரை வாயைத் திறந்தார். குரலை மிகவும் தாழ்த்தி, எனக்காகக் கூச்சப்பட்டுக்கொண்டு, "நீங்கதாங்க்கா" என்றார்.

"என்னது?"

"புதுக்கோட்டையில மண்டபத்துல மீட்டிங் வச்சீங்கள்லக்கா, எங்களுக்கெல்லாம். பைப்பு சின்னதா இருக்கு, எட்டு ஒயர் போகமாட்டேங்குதுன்னு ஒருத்தர் கேட்டாரு. கறுப்பு எல்லாம் உள்ள ஒண்ணுதான், ஒரு கறுப்பு போதும்னு நீங்க சொன்னீங்க. எல்லாரும் கை தட்டுனோம்."

எனக்கு அந்தக் கைதட்டல் காதில் கேட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டு வயரிங் செய்கிறவர்களுக்கு எங்கள் ஆபீஸ் நடத்திய கூட்டம். அருளப்பன் சார் அன்று சென்னைக்குப் போயிருந்தார். மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அத்தனை ஆண்களும் எழுதிக்கொள்ளத் தயாராகப் பேனாவோடு என்னைப் பார்த்ததில் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. நான் திறந்து பார்த்த பெட்டிகளையெல்லாம் வைத்து, இனி வரப்போகிற பெட்டிகளுக்கும் சேர்த்துச் சத்தியம் செய்துகொடுத்திருந்தேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த மனிதர் நான் திட்டியபோதே வீட்டுக்காரர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. இப்போதும் நான் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமலே இருந்துவிடுவார் என்று அவர் முகமே சொன்னது. உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடலாமா என்று நானும் யோசித்தேன். சீனியர் டெக்னீஷியன் என்று பெயர் பொறித்த அட்டை அப்போதுதான் கழுத்துக்கு வந்திருந்தது. வாசலில் மாரிமுத்து போனில், "ஆமாப்பா, நம்ம செல்லத்துரைதான், கழுத்தறுத்துட்டான். நீயும் அவன வச்சு வேலையப் பாக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, போன வைங்க. தப்பு அவரோடது இல்ல. நான்தான் அப்புடிச் செய்யலாம்னு சொல்லிக்குடுத்தேன். அத நம்பித்தான் அவரு செஞ்சிருக்காரு" என்றேன். கூட்டம், மைக், கைதட்டல் எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டலைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

மாரிமுத்து போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லிட்டுப் போயிட்டீங்க. நான் ரெண்டு நாளா இவன ஊரெல்லாம் ஏசிக்கிட்டுத் திரியிறேன்" என்றார். பிறகு, "செவுத்த ஒடைக்காம சரி பண்ண முடியுமா, அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

வழி ஒன்றுதான் இருந்தது. அந்தந்த ஸ்பீக்கருக்குப் போகிற தடித்த சிவப்பு ஒயரின் நுனியில், கறுப்பும் சிவப்பும் ஒட்டிய மெல்லிய ஜோடி ஒயரைக் கட்டி, மறுமுனையிலிருந்து பழைய ஒயரை இழுக்க வேண்டும். பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். குழாய் நடுவில் கட்டு அவிழ்ந்துவிட்டால் முடிந்தது கதை. ஒயரை இழுத்துவரக் குழாய்க்குள் விடுகிற இரும்புக் கம்பி அந்த வளைவுகளில் போகாது என்று செல்லத்துரை முன்பே பார்த்திருந்தார். கட்டு அவிழ்ந்தால் பூசி வெள்ளையடித்த சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

செல்லத்துரை இரண்டு ஒயரையும் கொக்கி மாதிரி மடக்கி மாட்டி, டேப்பைச் சுற்றினார். குழாயின் வாய்க்குள்ளேயே அது தடித்துப்போய் மாட்டியது. மெதுவாக இழுத்தால் டேப் வழுக்கி அவிழ்ந்தது. நான் கட்டிப் பார்த்தேன், அது அவருடையதைவிடக் கேவலம். மாரிமுத்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது முறை அவிழ்ந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"என்னடா இது கட்டு? இத வச்சு ஒரு நண்டக்கூட இழுக்க முடியாது. தள்ளு அங்கிட்டு" என்று வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். படகிலிருந்து மெல்லிய நைலான் கயிறு கொண்டுவரச் சொன்னார். பழைய ஒயரின் நுனியோடு புதியதை ஒரு சாண் நீளத்துக்குச் சேர்த்து வைத்து, அந்தச் சாண் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சாகப் போட்டுக்கொண்டே வந்தார். இழுக்க இழுக்க இறுகும், ஆனால் எந்த இடத்திலும் புடைக்காது. வலையின் ஓரத்தில் தலைக்கயிறு கட்டுகிற கட்டாம்.

அவர் மனைவி உள்ளேயிருந்து முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார். ஒயர் வழுக்கிப் போக அதைத் தடவினோம். அறையில் ஏணி மேல் செல்லத்துரை இழுத்தார், ஹாலில் நான் ஒயரை ஊட்டினேன், மாரிமுத்து நடுவில் நின்று படகு தள்ளுகிற மாதிரி, "மெதுவா... விடு... இப்ப இழு" என்று குரல் கொடுத்தார். முதல் வளைவில் நின்றது. "அவசரப்படாதடா செல்லத்துரை, கொஞ்சம் பின்னுக்கு விட்டு இழு" என்றார். வந்துவிட்டது. மாலைக்குள் நாலும் முடிந்தன. வீடெல்லாம் கல்யாண வீடு மாதிரி பவுடர் வாசம். நாலு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடியபோது செல்லத்துரை ஏணியிலிருந்து இறங்காமலே அழுதுவிட்டார். நானும்தான்.

இனி ஆபீஸில் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை அருளப்பன் சாரிடம், "சரியாயிருச்சு சார், வயரிங்ல ஒரு சின்ன விஷயம்" என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை முழு விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று எண்ணம். கஸ்டமர்கள் கூப்பிடுகிற விசேஷத்துக்கெல்லாம் அவர் போவதே இல்லை. வெள்ளிக்கிழமை நான் பந்தலுக்குள் நுழைந்தால், அவர் கையில் கேசரித் தட்டோடு நிற்கிறார். இரண்டு பெட்டிகள் பாடாமல் போன வீட்டை நேரில் பார்க்க வந்தாராம்.

மாரிமுத்து மைக்கை எடுத்தார். வந்தவர்களை வரவேற்றார். பிறகு, நாலு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில், ஊருக்கே கேட்கும்படி, "இந்த வீட்டு வயரிங் பூராம் நம்ம செல்லத்துரை செஞ்சது. நான் அவனப் பத்தி ஒங்ககிட்ட என்னென்னமோ சொன்னேன், அது அம்புட்டும் தப்பு. தப்பாச் சொல்லிக்குடுத்தது புதுக்கோட்டையிலேர்ந்து வந்த அந்தம்மா, அந்தா, பச்சச் சேல கட்டி நிக்கிறாங்க பாருங்க. அவுங்களே வந்து ஒத்துக்கிட்டுச் சரியும் பண்ணிக் குடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் நன்றி" என்றார். ஒலி அருமையாக இருந்தது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

பந்தல் முழுக்க என் பக்கம் திரும்பிச் சிரித்தது. அருளப்பன் சார் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எத்தன பேருக்குச் சொல்லிக்குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"முப்பத்தோரு பேரு கையெழுத்துப் போட்டாங்க சார்."

துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார். "இங்க ஒருத்தரு. இன்னும் முப்பது பேரு இருக்காங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சனிக்கிழமை அந்தக் கையெழுத்துத் தாளைத் தேடி எடுத்தேன். போனில் கிடைத்தவர்களிடம் சொன்னேன். ஆனால் போனில் சொன்னால் 'சரிக்கா, சரிக்கா' என்பார்களே தவிர, மனதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். அதனால் வேலை முடிந்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பஸ் பிடித்து ஒவ்வொருவரையும் நேரில் பார்த்தேன். அறந்தாங்கி, பொன்னமராவதி, இலுப்பூர் என்று மாவட்டம் முழுக்கச் சுற்றினேன். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனிக் கறுப்பு இழுக்கணும். ஏற்கனவே செஞ்ச வீடு இருந்தாச் சொல்லுங்க, நானும் வாரேன், சேந்து மாத்திருவோம்." முதல் பத்துப் பேரிடம் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிறகு பழகிவிட்டது. இரண்டு பேர் வளைகுடாவுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்களிடம் மட்டும் வீடியோவில் பேசினேன். பொன்னமராவதியில் ஒருவர், "இதச் சொல்றதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட மாட்டேன் என்று உட்காரவைத்துவிட்டார். ஒன்பது வீடுகளில் ஒயரை மாற்றினோம். மாரிமுத்து போட்ட முடிச்சைச் செல்லத்துரை கற்றுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் கயிற்றோடு வந்து போட்டுக் கொடுத்தார்.

கடைசிப் பெயர் கொடும்பாளூர்க்காரர், முருகேசன். தேடிப் பிடிக்க மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு டீக்கடை வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மனப்பாடமாகிவிட்டதை ஒப்பித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் திருதிருவென்று முழித்தார்.

"ஒரு கறுப்பா? நான் எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டாத்தாங்க்கா இழுப்பேன்."

"ஏன், மீட்டிங்ல நான் சொன்னத நீங்க கேக்கலையா?"

அவர் காதைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க்கா. வந்ததும் கையெழுத்துப் போட்டேன். பின்னால பிரியாணி வாசம் வந்துச்சு. நீங்க மைக்கப் புடிச்சப்ப நான் சாப்பாட்டு வரிசையில மொத ஆளா நின்னேன்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அங்கேயே நின்று அருளப்பன் சாருக்குப் போன் செய்தேன். "முப்பதும் முடிஞ்சிருச்சு சார். ஒரே ஒருத்தரு மட்டும் நான் சொன்னதக் கேக்கவே இல்ல சார், பிரியாணி சாப்புடப் போயிட்டாரு" என்றேன்.

"அவருக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

நான் திரும்பிப் போய், "எங்க மேனேஜர் ஒங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாருங்க" என்று அப்படியே சொன்னேன். முருகேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. கடைக்குள் திரும்பி, "அக்காவுக்கு ஒரு டீ" என்றார்.